ராத்திரி ரெண்டே முக்காலுக்கு யாருகிட்டங்க கேக்கறது? மறதி நோய்க்காரங்களைப் பாத்துக்கறவங்க ஆன்லைன் குரூப்ல சேர்றது எப்படி

போன மார்கழில ஒரு நாள் ராத்திரி, மணி ரெண்டே முக்கால் இருக்கும், எங்க மாமா, அதாவது எங்க ஊட்டுக்காரரோட அப்பா, 78 வயசு, தோள்ல மம்பட்டியைப் போட்டுட்டு வாசக் கதவைத் தட்டிட்டு நிக்கறாரு. தண்ணி மொறை வந்துருச்சு, மடை திருப்போணும், கதவைத் தொறன்னு ஒரே சத்தம். நாங்க இருக்கறது கோபி பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம், அவரு 50 வருசமா ராத்திரி எந்திரிச்சு தண்ணி கட்டுன மனுசன், வயலைக் குத்தகைக்கு உட்டு 6 வருசமாச்சு. நான் "இப்ப வயலும் நம்மகிட்ட இல்ல, தண்ணியும் இல்ல, படுங்க மாமா"ன்னு சொல்லச் சொல்ல அவருக்குக் கோவம் ஏறிட்டே போகுது, ஊட்டுக்காரர் நைட் ஷிப்ட் போயிட்டாரு, புள்ளைங்க எந்திரிச்சு அழுவுதுங்க. கை நடுங்க ஒரு வாட்ஸப் குரூப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டேன். அஞ்சு நிமிசத்துல மதுரைப் பக்கம் இருந்து ஒரு அக்கா, அவங்க அம்மாவை 7 வருசமா பாத்துக்கறவங்க, பதில் போட்டாங்க. "இல்லைன்னு சொல்லாதம்மா. மடை திருப்பியாச்சுன்னு சொல்லு. அவரு நம்புற ஆள் பேரைச் சொல்லிச் சொல்லு. குடிக்க எதாச்சும் சூடா குடு."

நான் போயி, பண்ணையத்துல முன்ன இருந்த ஆளு பேரைச் சொல்லி, அவன் மடை திருப்பிட்டானுங்க மாமா, மூணு வயல் பாஞ்சிருச்சாம், உங்களைப் படுக்கச் சொன்னான்னு சொன்னேன். மம்பட்டியைச் செவுத்துல சாச்சு வெச்சாரு. "அவன் நிக்கறானா, அப்பச் சேரி"ன்னுட்டு திண்ணைல உக்காந்து சுக்குக் காப்பி குடிச்சாரு, கால்மணி நேரத்துல தூங்கிட்டாரு.

அந்த நேரத்துக்கு டாக்டருக்குப் போன் போட முடியாது, ஒறம்பரைக்குப் போட்டா "வயசானா அப்படித்தான் கண்ணு, சின்னப்புள்ள மாதிரி ஆயிருவாங்க"ன்னு சொல்லிட்டு வெச்சிருவாங்க. இதே மாதிரி ராத்திரிகளைத் தாண்டி வந்தவங்க முழிச்சிருக்கற எடம் நமக்கு வேணுமுங்க. புதுசா இந்தச் சீக்கு வீட்டுக்குள்ள வந்து என்ன ஏதுன்னு தெரியாம நிக்கறவங்களுக்காக, நான் நாலு வருசத்துல கத்துக்கிட்டதை வரிசையா எழுதறேன்.

மொதல்ல டாக்டர், அப்பறந்தான் குரூப்

மறதி வந்தாலே டிமென்ஷியா, அதாவது இந்த மறதி நோய்தான்னு முடிவு பண்ணிராதீங்க. பி12 கொறைஞ்சாலும் வரும், தைராய்டு கோளாறுலயும் வரும், மனச்சோர்வுலயும் வரும், சாப்பிடற சில மாத்திரைனாலயும் கொழப்பம் வரும், இதெல்லாம் கண்டுபுடிச்சு வைத்தியம் பண்ணுனா நல்லா தேறலாம். அதனால ரத்த டெஸ்ட், தலைக்கு ஸ்கேன் எல்லாம் எடுத்து, நரம்பு டாக்டரோ மனநல டாக்டரோ பாத்துச் சொல்லட்டும். சொல்லும்போது எந்த வகைன்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. 10 பேர்ல 6, 7 பேருக்கு அல்சைமர்தான், ஆனா மூளைக்குப் போற ரத்தக்கொழாய்ல அடைப்பு வந்து வர்ற வாஸ்குலர், லூயி பாடி, ப்ரன்டோடெம்போரல்னு வேற வகையும் இருக்குது, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி போகும். வகை தெரியாம குரூப்ல சேந்தீங்கன்னா யாரோ ஒருத்தர் வீட்டு அனுபவத்தைப் படிச்சுட்டு நம்ம வீட்லயும் இப்படித்தான் ஆகுமோன்னு வீணா வெசனப்படுவீங்க.

இன்னொண்ணு, மாசக்கணக்குல மெதுவா மோசமாகறது வேற, ஒண்ணு ரெண்டு நாள்ல திடீர்னு மாறறது வேற. போன ஆடில மாமா திடுதிப்புன்னு செவுத்துல ஆளுங்க நிக்கறாங்கன்னு சொல்ல ஆரம்பிச்சாரு, சோறு எறங்கல, பகல்லயே தூங்கி உழுந்தாரு. நான் நோய் முத்திருச்சுன்னு நெனச்சு குரூப்ல அழுதுட்டு எழுதுனேன், மூணு பேரு ஒரே மாதிரி சொன்னாங்க, இன்னைக்கே ஆஸ்பத்திரி போயி யூரின் டெஸ்ட் எடுங்கன்னு. இன்ஃபெக்ஷன்தான். ஒரு வார மருந்துல பழைய நெலமைக்கு வந்துட்டாரு. சோடியம் கொறைஞ்சாலும், மலச்சிக்கல் இருந்தாலும், கீழ உழுந்து தலைல அடிபட்டிருந்தாலும் இப்படித் திடீர்னு ஆகும், அந்த மாதிரி நேரத்துல போனை வெச்சுட்டு வண்டியை எடுங்க.

எங்க தேடறது

நம்ம பக்கத்துல இதைப் பத்தி வெளிய பேசறவங்க கம்மி. பொண்ணு பாக்க வர்ற எடத்துல தெரிஞ்சா என்னாகும், புத்தி பெரண்ட குடும்பம்னு பேர் வந்துருமோன்னு பயம். வயசான பொறவு வர்ற டிமென்ஷியா பெரும்பாலும் அப்படி நேரா பரம்பரையா எறங்கறது இல்லீங்க, இளவயசுல வந்து குடும்பத்துல தலைமொறையா எறங்கற வகை ரொம்ப அபூர்வம். 2023ல வந்த ஒரு ஆய்வுக் கணக்குப்படி இந்தியாவுல 60 தாண்டுனவங்கள்ல 100க்கு 7 பேருக்கு மேல, சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்குது. அப்படின்னா உங்க தெருவுலயே ஒரு வீட்ல இருக்கும், கதவைச் சாத்தி வெச்சிருப்பாங்க, அவ்வளவுதான்.

மொதல்ல டாக்டர் ரூம்ல இருக்கற நர்ஸ்கிட்டயோ சோசியல் ஒர்க்கர்கிட்டயோ "இந்த நோய்க்கு குடும்பத்துக்காரங்க குரூப் எதாச்சும் இருக்குதுங்களா"ன்னு கேளுங்க, வாய் தொறந்து கேட்டாத்தான் சொல்வாங்க. அல்சைமர்ஸ் அண்ட் ரிலேட்டட் டிஸார்டர்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா, சுருக்கமா ஏஆர்டிஎஸ்ஐ, 1992ல கேரளாவுல ஆரம்பிச்சது, பல ஊர்ல கிளை இருக்குது, அவங்ககிட்ட விசாரிக்கலாம். சென்னைல ஸ்கார்ஃப்ங்கற மனநல அமைப்பு டிமென்ஷியாவுக்குன்னே தனியா வேலை பண்றாங்க. பேஸ்புக்ல தேடும்போது ஒரே வார்த்தையைப் போட்டுத் தேடாதீங்க, டிமென்ஷியா, மறதி நோய், முதுமை மறதி, அல்சைமர், அல்ஸைமர்னு ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி எழுதறாங்க, எல்லாத்தையும் போட்டுப் பாருங்க.

இங்கிலீஷ் கொஞ்சம் படிக்கத் தெரிஞ்சா கெணறு மாதிரி ஊறுதுங்க. அமெரிக்காவுல அல்சைமர்ஸ் அசோசியேஷன் நடத்தற ஆல்ஸ்கனெக்டட், இங்கிலாந்துல அல்சைமர்ஸ் சொசைட்டி நடத்தற டிமென்ஷியா சப்போர்ட் ஃபோரம், ரெண்டுலயும் வருசக்கணக்கா சனங்க எழுதுனது கெடக்குது, போன்லயே தமிழ்ல மாத்திப் படிச்சுக்கலாம். நம்ம நாட்டு நெலமைக்கு டிமென்ஷியா கேர் நோட்ஸ்னு ஒரு வெப்சைட் இருக்குது, இங்கிலீஷ்லயும் இந்திலயும், வீட்ல வெச்சுப் பாத்துக்கறவங்களுக்காகவே எழுதுனது. ஆனா வெளிநாட்டு ஆளுங்க "கேர் ஹோம்ல விட்டுருங்க"ன்னு சட்டுன்னு சொல்வாங்க, அவங்க ஊர் ஏற்பாடு வேற, அதைப் படிச்சுட்டு மனசு நோகாதீங்க.

இதெல்லாத்தையும் விட எனக்குக் கை குடுத்தது ஒரு சின்ன குரூப்தான். ஆஸ்பத்திரில டோக்கன் போட்டு உக்காந்திருந்தப்ப பக்கத்துல இருந்தவங்ககிட்ட நாயம் பேசி நம்பர் வாங்கி, கவுந்தப்பாடி, அந்தியூர், சத்தின்னு சுத்துவட்டாரத்துல 4 குடும்பம் சேந்து நாங்களே ஆரம்பிச்சது, இப்ப 11 பேரு இருக்கறோம். பெரிய டயப்பர் எந்தக் கடைல மொத்தமா வாங்குனா சல்லிசு, வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கற லேப் எது, பகல்ல மட்டும் வந்து பாத்துக்கற அம்மா யாராச்சும் இருக்காங்களா, இந்த மாதிரி விசயத்துக்கு லட்சம் பேர் இருக்கற குரூப் உதவாது. யாரோட கட்டில் மெத்தை சும்மா கெடக்குதோ அதை வண்டில போட்டு அடுத்தவங்க வீட்டுக்கு அனுப்பறதும் இதுலதான் நடக்குது.

போன்ல சரி பண்ண வேண்டியது

வாட்ஸப் குரூப்ல சேந்தா எல்லாருக்கும் உங்க நம்பர் தெரியும். டெலிகிராம்ல நம்பரை மறைச்சுக்கலாம், பேஸ்புக் குரூப்கள்ல பேர் தெரியாம போஸ்ட் போடற வசதி பலதுல இருக்குது. வாட்ஸப்ல செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ் போயி "மை கான்டாக்ட்ஸ்"னு மாத்தி வெச்சிருங்க, இல்லைன்னா எவனெவனோ எதுலயோ சேத்து உடுவான். குரூப்பை மியூட் பண்ணி, நீங்களா ஒரு நாளைக்கு ரெண்டு தடவை தொறந்து பாருங்க. டைப் பண்ண நேரமில்லைன்னா கீபோர்டுல மைக்கை அமுக்கித் தமிழ்லயே பேசுங்க, அதுவே எழுதிக்கும், தப்பு இருந்தாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

மொத ரெண்டு வாரம் படிக்க மட்டும்

சேந்த அன்னைக்கே எல்லாத்தையும் கொட்டோணும்னு இல்ல. "வணக்கம், கோபி பக்கம், மாமனாரைப் பாத்துக்கறேன்"னு ஒரு வரி போட்டுட்டு பழசைப் படிங்க. படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. கடைசிக் கட்டத்துல இருக்கறவங்களைப் பத்தி, படுக்கைப்புண்ணு, சோறு முழுங்க முடியாதது, டியூப் போடறது எல்லாம் வரும். எனக்கு மொத வாரம் அதைப் படிச்சுட்டு தூக்கமே போச்சு, மாமா அப்ப நல்லா நடந்து டீக்கடைக்குப் போயிட்டு இருந்தாரு, நான் மட்டும் அவரு படுத்துட்ட மாதிரி அழுதுட்டு இருந்தேன். இப்ப உங்க வீட்ல என்ன நடக்குதோ அந்த வார்த்தையை குரூப்ல சர்ச் பண்ணி அதை மட்டும் படிங்க. மத்தது வர்றப்ப வரட்டும்.

கேக்கற விதம்

இதுதாங்க முக்கியம், புதுசா வர்றவங்க பெரும்பாலும் தடுக்கி உழுவறதும் இங்கதான். "மாமனாருக்கு டிமென்ஷியா, குளிக்க மாட்டேங்கறாரு, என்ன பண்றது"ன்னு கேட்டா பத்து பேரு "பொறுமையா இருங்க சிஸ்டர்", கைகூப்புற எமோஜி, அவ்வளவுதான் வரும். அவங்க மேல தப்பில்ல, அதுக்கு மேல சொல்ல நாம எதுவும் குடுக்கலையே.

நான் ரெண்டாவது தடவை கேட்டதை அப்படியே போடறேன். "78 வயசு, அல்சைமர், 4 வருசமாச்சு, நடப்பாரு, காது கொஞ்சம் மந்தம். 3 வாரமா குளிக்க மாட்டேங்கறாரு. காலைல 9 மணிக்கு ஊட்டுக்காரர் பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போவாரு, உள்ள போற வரைக்கும் நல்லா இருப்பாரு, ஷவரைத் தொறந்ததும் அடிக்க வர்றாரு, அம்மான்னு கத்தறாரு. பக்கெட்ல வெச்சும் பாத்தோம், பாத்ரூமுக்குள்ளயே வர மாட்டேங்கறாரு இப்ப. முன்ன எல்லாம் தினமும் ரெண்டு தடவை குளிக்கற ஆளு."

வயசு, வகை, எத்தனை நாளா, எந்த நேரத்துல, அதுக்கு முந்தின நிமிசம் என்ன நடந்துச்சு, என்ன பண்ணிப் பாத்தீங்க, முன்ன எப்படி இருந்தாரு. இது இருந்தாப் போதும், அனுபவப்பட்டவங்க கண்ணு எங்க நிக்கோணுமோ அங்க நிக்கும்.

சிவகங்கைல இருந்து ஒருத்தர் கேட்டாரு, "அவரு ஆயுசு பூரா எங்க குளிச்சாரு?" அப்பத்தான் எனக்கு உறைச்சுது. இந்த டைல்ஸ் பாத்ரூம் நாங்க கட்டி 5 வருசந்தான் ஆச்சு, அதுக்கு முன்ன அவரு குளிச்சது பூராம் வீட்டுக்குப் பின்னால பொடக்காலில, தொவைக்கற கல்லு மேல உக்காந்து, அண்டாத் தண்ணியைச் சொம்புல மோந்து. தலைக்கு மேல இருந்து சடசடன்னு ஊத்துனா அவருக்கு அது என்னன்னே தெரியல, வெள்ளை டைல்ஸ்ல தரை எங்க செவுரு எங்கன்னும் புரியல. இன்னொரு அக்கா, சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து குளிக்கற பழக்கமான்னு கேட்டாங்க, ஆமா. அடுத்த நாள் பொழுது எறங்கறதுக்கு முன்ன பொடக்காலில பழைய அண்டாவுல வெதவெதன்னு தண்ணி ரொப்பி, கல்லு மேல வழுக்காம ஒரு சாக்கை விரிச்சு, சொம்பை அவரு கைலயே குடுத்து, ஊட்டுக்காரர் பக்கத்துல நின்னு "அப்பா, வயல்ல இருந்து வந்தீங்க, சேறு போக ஊத்துங்க"ன்னாரு. மொதச் சொம்பை கால்ல ஊத்துனாரு. அப்பறம் முட்டிக்கு. அப்பறம் அவரே தோள்ல ஊத்திட்டு சோப்பு கேட்டாரு. நான் சமையக்கட்டு ஜன்னல்ல நின்னு பாத்துட்டு அழுதுட்டேன்.

இதை எந்த டாக்டரும் சீட்டுல எழுதித் தர முடியாது. பதில் வேலை செஞ்சா மறக்காம திரும்ப வந்து "இது சரியா வந்துச்சுங்க"ன்னு எழுதுங்க, வேலை செய்யலைன்னாலும் எழுதுங்க. அடுத்து தேடி வர்றவங்களுக்கு அதுதான் வழி.

மடை திருப்பியாச்சுன்னு நான் சொன்னது பொய்தானேன்னு எங்க குரூப்லயே ஒரு வாரம் பேச்சு நடந்துச்சு. பொய் சொல்றது பாவம்னு சிலர். என் நெனப்பு, அவரு கேட்டது தண்ணியைப் பத்தி இல்லீங்க, வேலை நின்னு போச்சோங்கற பயம், அந்தப் பயத்துக்குப் பதில் சொன்னேன். ஆனா காசு, சொத்து, கையெழுத்து விசயத்துல ஒரு பொய்யும் சொல்லக் கூடாது, அதுல நான் கறாரு.

போடக் கூடாதது

அவரு கோவப்படறதை, துணி நனைச்சுட்டு நிக்கறதை வீடியோ எடுத்துப் போடாதீங்க. டாக்டருக்குக் காட்டோணும்னா எடுங்க, காட்டிட்டு அழிச்சிருங்க. ஊரே மரியாதையா "கவுண்டரே"ன்னு கூப்பிட்ட மனுசன், பஞ்சாயத்துல நாலு பேருக்கு நாயம் சொன்னவரு, அவருக்குத் தெரியாம அவரு வேட்டி நழுவி நிக்கறதை ஆயிரம் பேர் பாக்கறது எந்த விதத்துலயும் சரியில்ல. மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்துப் போடும்போது பேர், போன் நம்பரை மறைங்க. ஆதார், பேங்க் பாஸ்புக், பென்சன் விவரம் எதுவும் வேண்டாம். வீட்ல நானும் அவரும் மட்டுந்தான், ஊட்டுக்காரர் ஊர்ல இல்லைன்னு பெரிய குரூப்ல எழுதாதீங்க.

காணாம போயிட்டா மட்டும் கதை வேற. மொதல்ல 112க்கு அடிச்சு போலீஸுக்குச் சொல்லுங்க, அப்பறம் அன்னைக்கு என்ன சட்டை போட்டிருந்தாருன்னு எழுதி, சமீபத்துப் போட்டோவோட ஊர் குரூப், டிரைவர் குரூப், பால் சொசைட்டி குரூப் எல்லாத்துலயும் போடுங்க. பழைய வேலை எடம், பொறந்த ஊரு, கோயில், பஸ் ஸ்டாண்டு, வாய்க்கால் கரைன்னு தேடுங்க, நடந்து போறவங்க பழகுன எடத்துக்குத்தான் பெரும்பாலும் போவாங்க. கெடைச்சதும் "கெடைச்சுட்டாரு"ன்னு எல்லாத்துலயும் போட்டுட்டு போட்டோவை அழிச்சிருங்க, இல்லைன்னா மூணு வருசம் கழிச்சும் அது சுத்திட்டே இருக்கும்.

வர்ற பதிலைச் சலிக்கோணும்

மாத்திரை விசயத்துல யாரு சொன்னாலும் கேக்காதீங்க, நானே சொன்னாலும். அல்சைமருக்குக் குடுக்கற டோனெபெசில், மெமன்டின் எல்லாம் ஒருத்தருக்கு ஒத்துக்கும், இன்னொருத்தருக்கு நாடித்துடிப்பு கொறையும், வயிறு கெடும். "எங்கப்பாவுக்கு ராத்திரி தூங்க இது குடுத்தாங்க, அரை மாத்திரை குடுங்க"ன்னு நல்ல மனசோடதான் சொல்வாங்க. லூயி பாடி வகை இருக்கறவங்களுக்கு ஆவேசத்தை அடக்கக் குடுக்கற ஹாலோபெரிடால் மாதிரி மருந்து பட்டா ஒடம்பு வெறைச்சு உசுருக்கே ஆபத்தாகலாம், அதனாலதான் மேல வகையை எழுதி வாங்கச் சொன்னேன். குரூப்ல பாத்த மருந்தைப் பத்தி நோட்டுல எழுதி அடுத்த தடவை டாக்டர்கிட்ட கேளுங்க, அது வரைக்கும் கை வெக்காதீங்க.

அப்பறம் இந்தத் தனி மெசேஜ் ஆளுங்க. நான் குரூப்ல எழுதுன மறுநாளே ஒருத்தர், 90 நாள்ல ஞாபகம் திரும்பும்னு லேகியம், எண்ணெய், 6,500 ரூவா. ஊட்டுக்காரருக்குத் தெரியாம சீட்டுக் காசுல இருந்து அனுப்பிட்டேன், அப்ப என் மனசு இருந்த நெலைல யாரு எதைச் சொன்னாலும் நம்பிருப்பேன். டப்பா வந்துச்சு, மாமாவுக்கு வயித்தால போனதுதான் மிச்சம். அல்சைமர்ல போன ஞாபகத்தைத் திருப்பிக் கொண்டு வர்ற மருந்து இன்னைக்கு வரைக்கும் உலகத்துல எங்கயும் இல்லீங்க, இருக்கறது எல்லாம் கொஞ்ச நாளைக்கு வேகத்தையோ தொந்தரவையோ கொறைக்கறதுதான். குணமாக்கறேன்னு சொல்றவங்க, தனியா வந்து காசு கேக்கறவங்க, ரெண்டு பேரையும் அட்மின்கிட்டச் சொல்லி பிளாக் பண்ணுங்க. காசு போயிருச்சுன்னா வெக்கப்படாம ஒடனே சைபர் கிரைம் நம்பர் 1930க்கு அடிங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு நல்லது.

அவங்களுக்கும் ஒரு எடம்

குரூப்னாலே பாத்துக்கறவங்களுக்குன்னு ஆயிருச்சு, நோய் வந்தவங்களை உட்டுடறோம். டிமென்ஷியா அலையன்ஸ் இன்டர்நேஷனல்னு ஒண்ணு 2014ல ஆரம்பிச்சாங்க, அதுல உறுப்பினர் எல்லாருமே டிமென்ஷியா இருக்கறவங்க, ஜூம்ல அவங்களுக்குள்ளயே கூடிப் பேசிக்கறாங்க. ஆரம்பக் கட்டத்துல இருக்கற, இங்கிலீஷ் பேசற, ரிட்டயர்டு வாத்தியார் மாதிரி யாராச்சும் உங்க வீட்ல இருந்தா அவங்ககிட்டயே கேட்டுப் பாருங்க. எங்க மாமாவுக்கு அது ஒத்து வராது. நாங்க பண்றது, ஞாயித்துக்கெழமை காலைல, அவரு தெளிவா இருக்கற நேரம், திருப்பூர்ல மகன் வீட்ல இருக்கற அவரோட பழைய சேக்காளிக்கு வீடியோ கால். ஒரே ஒரு மூஞ்சிதான் தெரியோணும், நாலு மூஞ்சி கட்டம் கட்டமா வந்தா மெரண்டுருவாரு. அந்தச் சேக்காளி எடுத்ததும் "நான் இன்னாரு பேசறேன்"னு பேரைச் சொல்லிருவாரு, என்னைத் தெரியுதான்னு கேக்க மாட்டாரு. அந்தியூர் குருநாதசாமி நோம்பில மாடு புடிச்சுட்டு வந்த கதையை ரெண்டு பேரும் வாராவாரம் பேசுவாங்க, அதே கதை, அதே மாடு, வாராவாரம் மாமா மூஞ்சி மலரும். பத்து நிமிசத்துல வெச்சிருவோம்.

உங்களுக்கு

குரூப்ல இருக்கறதே பாரமாகற நாளும் வரும். ஒரே வாரத்துல ரெண்டு பேரு வீட்ல எழவு உழுந்துச்சுன்னு வரும்போது நெஞ்சு தாங்காது, அப்ப ஒரு வாரம் ஆர்க்கைவ்ல போட்டுட்டு ஒதுங்கி இருங்க, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. "எனக்கு அவர் மேல கோவமா வருது, கைய ஓங்கிட்டேன்"னு எழுதற எடமும் இதுதான், சொந்தக்காரங்க குரூப்ல அதை எழுத முடியாது. ஆனா ஓங்குன கை அவரு மேல எறங்கிருச்சுன்னாலோ, செத்துப் போயிரலாமான்னு தோணுனாலோ குரூப் பத்தாதுங்க. 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், காசில்ல, தமிழ்ல பேசலாம். வயசானவங்க விசயமா எதுன்னாலும் 14567 எல்டர்லைன். ரெண்டையும் இப்பவே போன்ல சேவ் பண்ணிக்கோங்க.

குரூப்ல கத்துக்கிட்ட இன்னொண்ணை எங்க குடும்பத்துல பண்ணிப் பாத்தேன். கொழுந்தனார் பெங்களூர்ல இருக்கறாரு, "எதாச்சும் வேணும்னா சொல்லுங்க அண்ணி"ன்னு மாசாமாசம் சொல்வாரு, நானும் "ஒண்ணும் வேண்டாங்க"ன்னு சொல்லிட்டு உள்ளுக்குள்ள பொசுங்கிட்டு இருப்பேன். ஒரு அக்கா, என்ன வேணுமோ தேதி போட்டுக் கேளுங்கன்னாங்க. கேட்டேன். "ரெண்டாவது சனி, ஞாயிறு வந்து அப்பாகூட ராத்திரி படுத்துக்கோணும், நான் எங்கம்மா வீட்டுக்குப் போயி தூங்கோணும்." இப்ப நாலு மாசமா வர்றாரு. மம்பட்டி மேட்டரை அவருக்கு எழுதி வெச்சிருக்கறேன், யாரு மடை திருப்புனாங்கன்னு சொல்லோணும், சுக்குக் காப்பிப் பொடி எந்த டப்பாவுல இருக்குதுங்கற வரைக்கும். போன தடவை ராத்திரி மூணு மணிக்கு எனக்கு மெசேஜ் போட்டிருந்தாரு, நான் காலைல 8 மணிக்கு எந்திரிச்சுத்தான் பாத்தேன். "அண்ணி, வடக்கு வயலும் பாஞ்சிருச்சான்னு கேக்கறாரு, பாஞ்சிருச்சுன்னு சொல்லிட்டேன், சரிங்களா?"